போர்ட்டியோ, லாஸ் லேன்யாஸ், பரிலோச்சே: ஆண்டீஸின் பனி இடுக்குகளுக்கு எங்கே போகலாம்?

ஆகஸ்டு மாதம், தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். விடுப்பு எட்டே நாள். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையைவிடச் செங்குத்தாக இறங்கும் பனி இடுக்கு ஒன்றில் ஒரு முறையாவது சறுக்கிவிட வேண்டும் என்ற ஆசை. சிலிக்குப் போவதா, அர்ஜென்டினாவுக்குப் போவதா? இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தையும் இணைத்து அனுப்புகிறார்கள். நீல வானம், முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி, இடுக்கின் நடுவில் ஒற்றை ஆள். "இது எந்த இடம்?" என்று கேட்கிறார்கள்.

இடத்தைச் சொல்வது எளிது. அந்தப் படத்தில் உள்ளதைப் போன்ற நாள் ஒரு வாரத்தில் எத்தனை வாய்க்கும், வாய்க்காத நாட்களில் என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. ஆண்டீஸில் செங்குத்துச் சரிவுகளைத் தேடிப் போகும் பயணத்தின் பெரும்பகுதி காத்திருப்பு. புயல் ஓயக் காத்திருக்க வேண்டும்; காற்று தணிய, சறுக்குபவர்களைக் கேபிளில் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் திறக்க, பனி இறுகக் காத்திருக்க வேண்டும். உங்களால் எந்த ஊரில் நன்றாகக் காத்திருக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இடுக்கின் தலைப்பகுதிக்குப் போய்ச் சேரும் வழி. லிஃப்டில் இறங்கிப் பக்கவாட்டில் சிறிது தூரம் நகர்ந்தால் போதுமா, காலில் பூட்டும் சறுக்குமட்டையைத் தோளில் சுமந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டுமா, முந்தைய இரவே மலைக்குடிலில் தங்க வேண்டுமா? உங்கள் உடலும் நாட்களும் எதற்கு ஒத்துவரும் என்பதை இது காட்டிவிடும்.

இரண்டாவது, புயலாலோ காற்றாலோ மேல்மலை மூடிய நாளில் கிடைப்பது. இதை யாரும் கேட்பதில்லை. நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இதைத்தான்.

மூன்றாவது உறங்கும் உயரம், நான்காவது சாலை. இவை தவிரச் சரிவின் திசையும் உண்டு. வட அரைக்கோளத்தில் சறுக்கிப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் நிழலும் குளிர்ந்த பனியும் வடக்கு முகத்தில் இருக்கும். ஆண்டீஸில் சூரியன் வடக்கே நிற்பதால் எல்லாம் தலைகீழ். தெற்கு முகத்தில் பனி பல நாள் தூளாகவே கிடக்கும். வடக்கு முகத்தில் பகலில் இளகி இரவில் உறையும். பல ஆண்டுப் பழக்கத்தில் கண் தானாகவே "வடக்கு என்றால் நல்ல பனி" என்று எண்ணிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்தின் திசையையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

## போர்ட்டியோ, சிலி

சாந்தியாகோவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அர்ஜென்டினா எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும் இடத்துக்கு மேலே, இன்கா ஏரிக்கரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய விடுதி நிற்கிறது. 1949-இல் திறந்தது. ஊர் என்று எதுவும் இல்லை, விடுதிதான் ஊர். ஒரே சமயத்தில் ஏறத்தாழ 450 விருந்தினர்கள் தங்குவார்கள். சனிக்கிழமை நுழைந்து அடுத்த சனிக்கிழமை வெளியேறும் வாரத் தொகுப்பாகத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். நான்கு வேளைச் சாப்பாடும் லிஃப்ட் கட்டணமும் அதில் அடக்கம்.

1966-இல் உலக ஆல்பைன் பனிச்சறுக்குப் போட்டி இங்கேதான் நடந்தது. தென் அரைக்கோளத்தில் அந்தப் போட்டி நடந்தது அந்த ஒரு முறைதான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பனிச்சரிவுகள் லிஃப்டுகளை நாசமாக்கிவிட்டன. லிஃப்டுக்குக் கோபுரம் நட்டால் அடுத்த சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்ற இந்த நிலைமைக்குத் தீர்வாகத்தான் போர்ட்டியோவுக்கே உரிய அந்த விசித்திர லிஃப்ட் பிறந்தது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செங்குத்து ஆசையோடு இங்கே வருகிறவரின் முதல் தேர்வு இடுக்கில் நடப்பதில்லை, இந்த லிஃப்டில்தான் நடக்கிறது. நான்கைந்து பேர் தோளோடு தோள் உரச வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கால்களுக்கு இடையிலும் ஒரு வட்டத் தட்டு. தட்டுகள் எல்லாம் ஒரே குறுக்குக் கம்பியில் தொங்குகின்றன. கம்பியை ஒரு கேபிள் இழுக்கிறது. மேலே பாறையில் பதித்த கப்பியைத் தவிர வேறு கட்டுமானம் இல்லாததால் பனிச்சரிவு அடித்துச் செல்ல எதுவும் இல்லை. கிளம்பும்போது ஒரு வெட்டு இழுப்பு. பிறகு எதிர்பாராத வேகம். பக்கத்தில் இருப்பவரின் மட்டை உங்கள் மட்டையை உரசினால் இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டே முழங்காலால் விலக்கிக்கொள்ள வேண்டும். மேலே போய் நின்றதும் இறங்க ஒரு சமதளம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சரிவிலேயே நின்று, ஓரத்தில் இருப்பவர் முதலாக ஒவ்வொருவராகத் தட்டை விடுவித்துக்கொண்டு விலக வேண்டும். கடைசி ஆள் விடும்வரை யாரும் அவசரப்படக் கூடாது. மட்டையின் எஃகு விளிம்பு சரிவில் கடிக்கிறதா என்பது அந்தச் சில விநாடிகளில் தெரிந்துவிடும். அங்கே கால் நடுங்குகிறவர் அன்றைக்கு இடுக்கைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ரோக்கா ஜாக், கோண்டோர் ஆகிய இரண்டும் இந்த வகை லிஃப்டுகள்தான். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தாலே ஏரியை நோக்கி இறங்கும் குறுகிய சரிவுகள் பல கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கலாம் என்பது போர்ட்டியோவின் பெரிய பலம். பழகப் பழகத்தான் இடுக்கு வசப்படும்.

எல்லோரும் கேட்டுவரும் சூப்பர் சி என்ற இடுக்கு வேறு ரகம். ரோக்கா ஜாக் உச்சியிலிருந்து மட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, பூட்ஸ் முனையால் படி குத்திக் குத்தி ஏற வேண்டும். உடல் பழகியவருக்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மேலே மலைக்கழுத்தை எட்டியதும் மறுபுறம் 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கோன்காகுவா எழுந்து நிற்கும். அங்கிருந்து விடுதி இருக்கும் பள்ளத்தாக்கு வரை ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறக்கம். இடுக்கின் மேல்பகுதி 40 பாகையைத் தாண்டும். அதில் திரும்புவது ஒரு தனிக் கலை. வழக்கமான வளைவுக்கு அங்கே அகலம் போதாது. கீழ்ப்புறக் கைத்தடியை ஊன்றி, இரண்டு மட்டைகளையும் ஒரு குதியில் பனியிலிருந்து கிளப்பிக் காற்றிலேயே திருப்பி இறக்க வேண்டும். இறக்கிய கணமே விளிம்பு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கிளம்பும் தூள்பனி "ஸ்ஸ்" என்ற ஒலியோடு உங்களைத் தாண்டிக் கீழே ஓடும். அது ஓடி முடியட்டும் என்று ஒதுங்கி நிற்கத் தெரிவதும் திறமையில் சேர்த்திதான்.

மூடிய நாளில்? விடுதிக்குள் அடைந்து கிடக்க வேண்டும். மரமே இல்லாத மலை என்பதால் புயலில் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். ஆனால் புயல் விட்ட அடுத்த காலை, வாசலில் இறங்கினால் பனி உங்களுடையது. வெளியூர்க் கூட்டம் வந்து சேர்வதற்குள் நல்ல சரிவுகளில் விடுதிக்காரர்கள் கோடு போட்டு முடித்திருப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு சாலையில் இருக்கிறது. பெரும்புயலில் நெடுஞ்சாலை மூடும். போய்ச்சேர முடியாமல் சாந்தியாகோவில் ஓரிரு இரவுகள் தங்க நேரலாம். விடுதியிலிருந்து கிளம்ப முடியாமல் விமானத்தைத் தவறவிடவும் நேரலாம். திரும்பும் டிக்கெட்டைச் சனிக்கிழமை இரவுக்கே எடுப்பது துணிச்சல். ஞாயிறோ திங்களோ எடுங்கள். உறங்கும் உயரம் ஏறத்தாழ 2,900 மீட்டர் என்பதால் முதல் இரண்டு இரவும் தலைவலி, தூக்கமின்மை சகஜம். மூன்றாம் நாளுக்கு முன் சூப்பர் சி ஏறத் திட்டமிடாதீர்கள்.

## லாஸ் லேன்யாஸ், அர்ஜென்டினா

மெந்தோசா மாகாணத்தின் தென்பகுதியில், மலார்குவே வட்டாரத்தில் 1983-இல் தொடங்கப்பட்ட இடம். அடிவாரம் 2,240 மீட்டர். லிஃப்ட் போகும் உச்சி 3,430 மீட்டர். லிஃப்டுகளுக்கு வெனுஸ், நெப்துனோ, வெசுபியோ, மார்த்தே என்று ரோமானியக் கடவுள்கள், எரிமலைகளின் பெயர்கள். இவற்றுள் மார்த்தே, அதாவது செவ்வாய், இரண்டு பேர் உட்காரும் பழைய நாற்காலி லிஃப்ட். தென் அமெரிக்காவின் செங்குத்துச் சறுக்குலகம் முழுவதும் அந்த ஒரு லிஃப்டின் வாயில் நின்று வானத்தைப் பார்க்கிறது என்று சொல்லலாம்.

மார்த்தே திறந்திருக்கும் நாளில் இந்த மூன்று இடங்களில் லாஸ் லேன்யாஸுக்கு ஈடு எதுவும் இல்லை. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். நாற்காலியிலிருந்து இறங்கிச் சிறிது நகர்ந்தால் ஓர் இடுக்கு, இன்னும் நகர்ந்தால் இன்னொன்று, மலை முதுகு நெடுகவும் அப்படியே. பல மணி நேர ஏற்றமில்லாமல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் இறங்கும் வாய்ப்பு உலகில் அதிக இடங்களில் இல்லை. சில இடுக்குகள் லிஃப்ட் நிலையத்துக்குத் திரும்பாமல் பள்ளத்தாக்குச் சாலையில் போய் முடியும். அங்கிருந்து வண்டி ஏறித் திரும்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் மார்த்தே காற்றுக்கு எளிதில் நிற்கும். பனிச்சரிவு அபாயம் இருந்தாலும் நிற்கும். பசிபிக்கிலிருந்து வரும் புயல் இரண்டு மூன்று நாள் கொட்டிவிட்டுப் போன பிறகு வானம் பளிச்சென்று இருக்கும். அப்போதும் உச்சியில் காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்று நின்று, மலையின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துப் பணியாளர்கள் வெடிவைத்துச் சரிவுகளைச் சோதித்து முடித்த பிறகே திறப்பார்கள். அதுவரை கீழ்லிஃப்டுகளின் மிதமான சரிவுகள்தான். நல்ல சரிவுகள்தான், நீங்கள் அத்தனை தூரம் கடந்து வந்தது அவற்றுக்காக அல்ல. இங்கும் மரங்கள் இல்லை. காற்றடிக்கும் நாளில் ஒதுங்கிச் சறுக்கக் காடும் கிடையாது.

அத்தனை தூரம் என்றேன். மெந்தோசா நகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். அருகிலுள்ள மலார்குவே ஊரே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதே மலார்குவே வட்டாரத்தின் மலைகளில்தான் 1972 அக்டோபரில் உருகுவே விமானப்படை விமானம் விழுந்தது. உயிர் பிழைத்த 16 பேர் இரண்டு மாதத்துக்கு மேல் பனியில் கிடந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எவ்வளவு ஆளரவமற்ற மலை என்பது மனத்தில் பதிய வேண்டும். ரோந்துப் பணியாளர்கள் கவனிக்கும் சறுக்கு எல்லையைத் தாண்டிவிட்டால் உதவி வர நேரமாகும்.

ஒரு வாரத்துக்கு மட்டும் லாஸ் லேன்யாஸ் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பத்து முதல் பதினான்கு நாள் இருந்தால் போங்கள்.

## பரிலோச்சேயின் செர்ரோ கதெட்ரல், அர்ஜென்டினா

இது முற்றிலும் வேறு மலை. அடிவாரம் 1,030 மீட்டர்தான். லிஃப்ட் உச்சி 2,100 மீட்டரை ஒட்டி. உயரத் தலைவலி இல்லை. நாவெல் வாப்பி ஏரிக்கரையில் இருக்கும் பரிலோச்சே நகரம் இருபது கிலோமீட்டருக்குள். எந்த விலையிலும் அறை கிடைக்கும். புவெனஸ் ஐரேஸிலிருந்து நேர் விமானமும் உண்டு.

சரிவின் கீழ்ப்பாதியில் லெங்கா மரக்காடு இருக்கிறது. மேலே எதுவும் தெரியாத நாளில் மரங்களுக்கு நடுவே தெளிவாகப் பார்த்துக்கொண்டு சறுக்கலாம். மற்ற இரண்டு இடங்களிலும் வீணாகும் நாள் இங்கே வீணாவதில்லை. என் இரண்டாவது அளவுகோலில் கதெட்ரல் முதலிடம் பெறுவது இந்தக் காட்டால்தான்.

இடுக்குகள் எங்கே? பெரியவை லிஃப்ட் எல்லைக்குப் பின்னால், ஃப்ரெய் மலைக்குடிலைச் சுற்றி. பரிலோச்சே மலையேற்றச் சங்கத்தின் இந்தக் கல்குடில் 1957-இல் திறக்கப்பட்டது. 1,700 மீட்டர் உயரத்தில், தோன்செக் ஏரிக்கரையில் இருக்கிறது. சுற்றிலும் கோயில் கோபுரங்கள் போலக் கருங்கல் ஊசிகள். ஊசிகளுக்கு இடையே இடுக்குகள். நிலைமை நன்றாக இருந்தால் மேல் லிஃப்டிலிருந்து பின்புறப் பள்ளத்தாக்கில் இறங்கி, மட்டையின் அடியில், பின்னோக்கி வழுக்காமல் ஏற உதவும் ஏறுபட்டையை ஒட்டிக்கொண்டு குடிலுக்கு ஏறலாம். இரண்டு மூன்று இரவு தங்கினால் காலையில் கதவைத் திறந்ததும் எந்த இடுக்கில் வெயில், எதில் நிழல் என்று கண்ணால் பார்த்தே முடிவுசெய்யலாம். ஒவ்வொன்றையும் நீங்களே ஏறித்தான் இறங்க வேண்டும். ஏறும்போது பனியின் ஒவ்வோர் அடுக்கையும் காலால் உணர்ந்துவிடுவதால் இறங்கும்போது தெரியாதது குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே, இடுக்குகளை இப்போதுதான் தொடங்குகிறவருக்கு லிஃப்டைவிட இதுவே நல்ல பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன்.

குறை, மழை. தாழ்ந்த மலை என்பதால் உச்சியில் பனி பெய்யும்போதே அடிவாரத்தில் மழை கொட்டும். மேலே நனைந்து உறைந்த பனி கண்ணாடி போல் ஆகிவிட்டால் இடுக்கில் கால் வைக்கவே கூடாது. ஜூலையில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வேறு.

## ஒரே பார்வையில்

| | போர்ட்டியோ | லாஸ் லேன்யாஸ் | செர்ரோ கதெட்ரல் |
|---|---|---|---|
| அடிவார உயரம் | ஏறத்தாழ 2,900 மீ (விடுதி) | 2,240 மீ | 1,030 மீ |
| இடுக்கை எட்டும் வழி | லிஃப்ட். சூப்பர் சி-க்கு நடை | மார்த்தே லிஃப்ட் | குடிலும் நடையும் |
| மூடிய நாளில் | விடுதி | கீழ்ச் சரிவுகள் | காடு, நகரம் |
| பெரிய ஆபத்து | சாலை மூடல் | மார்த்தே மூடல் | மழை |
| வேண்டிய நாள் | 7 | 10 முதல் 14 | 7 முதல் 10 |

சாந்தியாகோவுக்கு மேலே உள்ள லா பார்வாவிலும் லா சிமெனேயா என்ற பெயர்பெற்ற இடுக்கு உண்டு. வேறு வேலையாகச் சாந்தியாகோ வந்து இரண்டு நாள் மிச்சமிருப்பவருக்கு அது போதும். அதற்காக மட்டும் கடல் கடக்க வேண்டாம்.

## கணக்கில் வராத செலவுகள்

எங்கே போனாலும் புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் பீக்கன் கருவி, பனியில் குத்தித் தேடும் நீளக் குச்சி, மண்வெட்டி மூன்றும் உங்களிடமும் கூட வருபவரிடமும் இருக்க வேண்டும். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தோண்டி எடுக்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் துணை மட்டுமே. பலகைபோல் இறுகிய பனி பெயர்ந்து சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில். நாம் தேடிப்போகும் இடுக்குகளும் அதே சாய்வுதான். காற்று வாரிக்கொண்டு வரும் பனி இடுக்கின் தலைப்பகுதியில்தான் குவியும். பெயர்ந்தால் சுவர்களுக்கு நடுவே ஒதுங்க இடமில்லை.

காப்பீட்டுத் தாளை முழுவதும் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, சறுக்கு எல்லைக்கு வெளியே நடப்பதையும் ஹெலிகாப்டர் மீட்பையும் விட்டுவிடுகின்றன. வழிகாட்டிக்கான தொகையைத் தனியே ஒதுக்குங்கள். சூப்பர் சி-க்கும் ஃப்ரெய்க்கும் முதல் முறை வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம்.

மத்திய சிலியை 2010 முதல் நீண்ட வறட்சி வாட்டிவருகிறது. பனியே சரியாக விழாத குளிர்காலங்கள் போர்ட்டியோவுக்கும் வந்திருக்கின்றன. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீனோ ஆண்டுகளில் அந்தப் பகுதியில் பனி கூடுவது வழக்கம். ஓர் ஆண்டு முன்னதாகவே முன்பதிவு செய்கிறவர்கள் இந்தச் சூதாட்டத்தைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும்.

## யாருக்கு எது

ஒரே வாரம்தான், நல்ல கால் உண்டு, கூட வருபவர்களில் சிலர் செங்குத்தில் இறங்காதவர்கள் என்றால் போர்ட்டியோ. நீங்கள் ரோக்கா ஜாக்கில் இருக்கும்போது அவர்கள் பக்கத்துச் சரிவில் சறுக்கிவிட்டு மதியம் ஒரே மேசையில் உட்காரலாம்.

இடுக்குகளில் ஏற்கெனவே பழகியவர், இரண்டு வாரம் உண்டு, நான்கு நாள் எதுவும் நடக்காமல் போனாலும் மனம் கசக்காதவர் என்றால் லாஸ் லேன்யாஸ். செப்டம்பர் முற்பகுதி எனக்குப் பிடித்தது. பகல் நீளும், புயல்கள் சற்றுக் குறையும், காலை உறைபனி இளகும் நேரத்தைக் கணித்து இறங்கலாம்.

பணம் அளவாக இருந்தால், உயரம் ஒத்துக்கொள்ளாது என்றால், ஏறி இறங்குவதில் ஆனந்தம் காண்பவர் என்றால் பரிலோச்சே.

எனக்கு எட்டு நாள் மட்டும் கொடுத்தால் போர்ட்டியோவுக்குத்தான் போவேன். ஆகஸ்டின் கடைசி வாரம், திங்கட்கிழமைத் திரும்பும் டிக்கெட். முதல் இரண்டு நாள் ஏரிப்பக்கச் சரிவுகளில் குதித்துத் திரும்பப் பழகுவேன். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் ரோந்துப் பணியாளர்களிடம் போய் சூப்பர் சி-யைப் பற்றிக் கேட்பேன். அவர்கள் தலையசைத்தால் ஏறுவேன். வாரம் முழுவதும் "இன்று வேண்டாம்" என்றே சொன்னால், ரோக்கா ஜாக்கிலேயே கால் ஓயும்வரை ஏறி இறங்கிவிட்டு வீடு திரும்புவேன்.